நாளொன்றுக்கு 5 சென்ட்: ஜேம்ஸ் ரூஸின் பரமட்டா பண்ணை, 1789–1793

மண்வெட்டியும் இரண்டு கைகளும் மட்டுமே உள்ள ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு நிலத்தை ஒழுங்காகக் கொத்திப் போட முடியும்? ஜேம்ஸ் ரூஸ் சொன்ன கணக்கு எட்டு ராடு, மிஞ்சினால் ஒன்பது. 160 சதுர ராடு சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஆக எட்டு ராடு நம் கணக்கில் சரியாக 5 சென்ட். ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியக் குடியேற்றம் பட்டினியின் விளிம்பில் நின்ற 1790–91 காலத்தில், தனி ஒருவரின் நிலம் தன்னைத் தானே தாங்கும் நிலைக்கு வந்ததற்கு இந்த 5 சென்ட்தான் அடிப்படை. அந்தப் பண்ணை நாலாண்டுகூட நிலைக்காமல் கைமாறியதற்கான காரணத்தையும் இதே கணக்கிலிருந்து விளக்கிவிடலாம்.

ரூஸ் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் லான்செஸ்டன் ஊர்ப்பக்கம் உழவு வேலையில் வளர்ந்தவர். 1782இல் வீடு புகுந்து இரண்டு வெள்ளிக் கடிகாரங்களைத் திருடியதாக பாட்மின் நீதிமன்றத்தில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஏழாண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. பிளிமத் துறையில் கைதிகளை அடைத்து வைத்திருந்த பழங்கப்பலில் சில ஆண்டுகள் கழிந்தன. கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றி வந்த முதல் கப்பல் தொகுதியின் 11 கப்பல்களுள் ஒன்றான ஸ்கார்பரோவில் ஏறி, 1788 ஜனவரியில் சிட்னி வந்து சேர்ந்தார். விரும்பிக் குடிபெயர்ந்தவர் அல்லர். புது நாட்டில் வந்து உழவு பழகியவரும் அல்லர். நூற்றுக்கணக்கான கைதிகளில் நிலம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த இடத்தில், கைப்பழக்கத்தோடு வந்த ஒருவர்.

அரசுப் பயிர் ஏன் தோற்றது

சிட்னித் துறையை ஒட்டி 1788இல் போட்ட முதல் விதைப்பு வீணானது. மாதக்கணக்காகக் கப்பல் அடித்தளத்தில் கிடந்து புழுங்கியும் வண்டரித்தும் கோதுமை விதையில் பெரும்பகுதி முளைப்புத் திறனை இழந்திருந்தது. முளைத்ததற்கும் மண் உதவவில்லை. துறையைச் சுற்றி உள்ளது மணற்பாறை உதிர்ந்து உண்டான மெலிந்த மணல். தண்ணீரையும் பிடித்து வைக்காது, சத்தையும் பிடித்து வைக்காது. கொண்டுவந்த சில மாடுகளும் 1788 நடுவில் மேய்ப்பு தவறிக் காட்டுக்குள் போய்விட்டன. அவை 1795இல் நேப்பியன் ஆற்றுக்கு அப்பால் மந்தையாகப் பெருகி மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் கண்டுபிடிக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் குடியேற்றத்தில் போதிய எருவும் இல்லை, ஏரில் பூட்டப் போதிய மாடும் இல்லை.

ஆளுநர் ஆர்தர் பிலிப் 1788 நவம்பரில் ஆற்று முகப்பின் மேற்கு எல்லையில் ரோஸ் ஹில் என்ற குடியிருப்பைத் தொடங்கினார். 1791இல் இதன் பெயர் பரமட்டா ஆனது. அந்த மண்ணுக்கு உரியவர்களான பர்ரமட்டகல் மக்களின் பெயரிலிருந்து வந்த பெயர். இங்கே நிலம் வேறு வகை. ஷேல் எனும் களிப்பாறை சிதைந்த களிகலந்த மண், ஈரம் தங்கும். 1789 இறுதியில் ரோஸ் ஹில் அரசுப் பண்ணையில் 200 புசலுக்குச் சற்று மேல் (புசல் ஒரு தானிய அளவு, கோதுமையில் சுமார் 27 கிலோ) கோதுமை கிடைத்தது. உண்ணாமல் அதை விதைக்காக வைத்துக்கொண்டார்கள். ரூஸின் வெற்றிக்கு இந்த முடிவும் ஒரு காரணம்: அவர் விதைத்தது இங்கிலாந்திலிருந்து வந்து செத்துப்போன விதை அன்று, இதே மண்ணில் விளைந்த புது விதை.

ஆனாலும் அரசுப் பண்ணையில் வேலை மேலோட்டமாகத்தான் நடந்தது. கைதிகளின் கூட்டுழைப்பு, அளந்து கொடுத்த நாள்வேலை, அறுவடையில் யாருக்கும் தனிப் பங்கு கிடையாது. கொத்து மண்ணைச் சீண்டிவிட்டு நகர்ந்தது. ‘அகல உழுவதை விட ஆழ உழு’ என்று நாம் சொல்வதைத்தான் ரூஸ் தன் சொற்களில் சொன்னார்: அரசுப் பண்ணையைப் போல மேலே பிராண்டிவிடாமல் முறையாகச் செய்தேன் என்று.

கையில் கொடுத்தது என்ன

1789 ஜூலையில் தன் தண்டனைக் காலம் முடிந்துவிட்டதாகச் சொல்லி ரூஸ் நிலம் கேட்டார். கைதிகளின் தண்டனை ஆவணங்கள் கப்பலில் ஏற்றப்படாமல் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டதால், அதைச் சரிபார்க்க பிலிப்புக்கு வழியில்லை. பட்டா எழுதிக் கொடுக்கும் நிலையில் அவர் இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு அவருக்கு அவசரமாக விடை வேண்டியிருந்தது. உதவியோடு தொடங்கும் ஒரு குடும்பம் எத்தனை மாதத்தில் அரசுக் கிடங்கின் பங்கீடு இல்லாமல் வாழும்? நவம்பர் 1789இல் ரூஸை ரோஸ் ஹில்லில் குடியமர்த்தியது ஒரு சோதனைதான். அந்த இடத்துக்கு இன்றுவரை ‘சோதனைப் பண்ணை’ என்ற பெயர் நிலைத்திருக்கிறது.

கொடுத்தவை: மரம் அகற்றிய ஒன்றரை ஏக்கர், ஒரு குடிசை, கருவிகள், விதை, 2 பெண் பன்றிகள், 6 கோழிகள், மேலும் 5 ஏக்கரில் பெருமரங்களை வீழ்த்த ஆள் உதவி. கொஞ்ச காலம் ஒரு கைதியும் துணைக்கு இருந்தார். பிறகு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். உணவுப் பங்கீடும் துணியும் கிடங்கிலிருந்து தொடர்ந்து வந்தன.

அந்தக் குடிசை எப்படிப்பட்டது என்பதை அதே காலத்து ரோஸ் ஹில் வீடுகளிலிருந்து ஊகிக்கலாம். 24 அடிக்கு 12 அடி, தரைத்தளம் மட்டும். சுள்ளிகளைப் பின்னிக் களிமண் அப்பிய சுவர், கூரை வேய்ந்தது. இரண்டு அறை, ஒன்றில் அடுப்பும் செங்கல் புகைபோக்கியும். இந்த மண்சுவருக்கு மழைதான் எதிரி. கூரைச் சரிவு சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீளாவிட்டால், அடிச்சுவர் நனைந்து அப்பிய மண் பாளம் பாளமாக விழும். செங்கல் கட்டடத்துக்கும் வேறொரு இடர் இருந்தது. களிமண் இருந்ததால் செங்கல் அறுத்துச் சுட முடிந்தது, ஆனால் அருகில் சுண்ணாம்புக்கல் இல்லை. சிப்பி ஓடுகளைச் சேர்த்துச் சுட்டால்தான் சுண்ணாம்பு, அதுவும் கொஞ்சமே கிடைத்தது. பெரும்பாலான செங்கல் வீடுகளைச் சேறு வைத்தே கட்டினார்கள். அதனால் சுவரைத் தடியாக எழுப்பி, உயரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நிலம் தயாரித்த முறை

1790 நவம்பரில் கடற்படை வீரர் அணியின் அதிகாரி வாட்கின் டெஞ்ச் ரூஸின் நிலத்துக்குப் போய், அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்தார். குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளிலிருந்து நமக்குக் கிடைக்கும் தெளிவான சாகுபடிக் குறிப்புகளில் இது ஒன்று. இனி வரும் எண்ணிக்கைகளில் பெரும்பகுதி அதில் உள்ளவை. கிலோவும் சென்டும் நம் மாற்றல்.

முதல் வேலை, வீழ்ந்து கிடந்த மரங்களை நிலத்திலேயே எரித்து, சாம்பலை மண்ணுக்குள் கொத்தி விடுவது. யூகலிப்டஸ் சாம்பலில் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்பும் உண்டு, கொஞ்சம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்). ஆஸ்திரேலிய மண்ணில் இயல்பாகவே மணிச்சத்து குறைவு என்பதால் முதல் பயிருக்கு இந்தச் சாம்பல் பெரிய கை கொடுத்திருக்கும். ஆனால் அது ஒருமுறை கிடைக்கும் முதல். இரண்டு மூன்று அறுவடையில் கரைந்துவிடும்.

அடுத்தது கொத்து. நாளைக்கு 8 அல்லது 9 ராடுக்கு மேல் அவர் போகவே இல்லை. ஒன்றரை ஏக்கர் என்பது 150 சென்ட். நாளைக்கு 5 சென்ட் என்றால் ஒரு சுற்றுக்கு 30 நாள். கொத்திய பின் கட்டிகளை உடைத்துப் பொடியாக்கினார். புல்லையும் களையையும் எரிக்காமல், அள்ளி வீசாமல் அங்கேயே மண்ணுக்குள் புதைத்தார். இது ஏர் உழவுக்குக் கிட்டத்தட்ட சமம் என்பது அவருடைய மதிப்பீடு.

பிறகு நிலத்தை எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் வெயிலுக்கும் காற்றுக்கும் திறந்து போட்டார். கோடை உழவு கோடி நன்மை என்று நம் ஊரில் சொல்வதன் நியாயமும் இதுதான். புதைத்த களை மக்குகிறது. களிமண் காய்ந்து வெடித்துத் தானாக உதிர்கிறது. வேர்ப்புழுக்கள் வெளிவந்து சாகின்றன. தென்கோளத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை என்பதால், நவம்பரில் தொடங்கிய அவருக்கு இந்த ஓய்வுக் காலம் இயல்பாகவே அமைந்தது. விதைப்புக்குச் சற்று முன் முழுவதையும் இரண்டாம் முறை புரட்டினார். அதாவது ஒன்றரை ஏக்கர் கோதுமைக்குக் கொத்துவேலை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மாதம்.

விதைத்தது 3 புசல், கையால் வீசித் தெளித்து. கோதுமை ஒரு புசல் சுமார் 27 கிலோ. ஆக ஏக்கருக்கு 54 கிலோ விதை. ஒரு பகுதியை மே மாதத்திலும் மறு பகுதியை ஜூனிலும் போட்டார். மே விதைப்பே நன்றாக வந்தது என்பதை ரூஸ் தானே கண்டு சொன்னார். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. ஜூனில் விதைத்தால் மணி பால்பிடிக்கும் பருவம், வசந்தத்தின் பிற்பாதியில் உள்நாட்டிலிருந்து வீசும் வறண்ட சூட்டுக் காற்றில் மாட்டிக்கொள்கிறது. மணி சூம்பிப் போகும். வடகோள நாட்காட்டியில் வளர்ந்த ஓர் உழவர் ஒரே பருவத்தில் இந்த வேறுபாட்டைப் பிடித்தது சாதாரணமல்ல. நிலத்தை இரண்டாகப் பிரித்து விதைத்ததால்தான் அது கண்ணில் பட்டது.

அரை ஏக்கர் மக்காச்சோளத்தை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நட்டார். அந்தப் பயிர் எனக்குப் பழக்கமில்லை, எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார். பக்கத்தில் சிறு காய்கறித் தோட்டம். அறுத்த பின் நிலத்தை மறுபடி கொத்தி, பரம்படித்து, டர்னிப் விதைக்கத் திட்டம் வைத்திருந்தார். அது மண்ணை நெகிழ்த்தி அடுத்த கோதுமைக்குப் பதப்படுத்தும். வைக்கோலைக் குழியில் புதைத்து, அழுகக்கூடிய எல்லாவற்றையும் அதில் போட்டு எருவாக்குவதும் திட்டம். மாடில்லாத உழவர் எருவுக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

பட்டினிக் கணக்கும் விளைச்சல் கணக்கும்

ரூஸ் எதிர்பார்த்தது 12 அல்லது 13 புசல். விதைத்ததற்கு நாலு மடங்கு. ஏக்கருக்கு 8 புசலுக்குச் சற்று மேல். இங்கிலாந்தில் அன்று நல்ல பண்ணையில் ஏக்கருக்கு 20 புசல் எடுப்பார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் சுமாரான விளைச்சல். அதன் பெறுமதி தெரிய, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

1789 டிசம்பரில் உணவோடு வந்துகொண்டிருந்த கார்டியன் கப்பல் பனிப்பாறையில் மோதியது. 1790 மார்ச்சில் சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவில் உடைந்தது. அந்த ஏப்ரலில் வாரப் பங்கீடு ஆளுக்கு இரண்டரை பவுண்டு மாவு, 2 பவுண்டு அரிசி, 2 பவுண்டு பன்றியிறைச்சி என்று குறைந்தது. மாவும் அரிசியும் சேர்த்து நாளைக்கு 290 கிராம். ரூஸின் 12–13 புசலில் அடுத்த ஆண்டுக்கு 3 புசல் விதை எடுத்து வைத்தால் மிச்சம் 243 முதல் 270 கிலோ. இருவருக்கு ஓர் ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளைக்கு 330 முதல் 370 கிராம் கோதுமை, அரைக்கும் முன். பஞ்சப் பங்கீட்டை விட ஒரு படி மேல். அதோடு மக்காச்சோளமும் தோட்டக் காயும் முட்டையும் சேரும்போது ஒரு வீடு நிற்கிறது.

இருவர் என்றது, 1790 செப்டம்பரில் அவர் எலிசபெத் பெர்ரியை மணந்துகொண்டதால். லேடி ஜூலியானா என்ற பெண்கைதிகள் கப்பலில் அந்த ஜூனில் வந்தவர். உழைப்பாளி என்று ரூஸ் அவரைச் சொன்னார். அப்போது அந்த நிலத்தில் வேறு துணை யாரும் இல்லை.

கணக்கில் வராத ஒரு கழிவும் இருந்தது. எவ்வளவு விழித்திருந்தாலும் கிட்டத்தட்ட ஒவ்வோர் இரவும் பசித்த கைதிகள் வந்து திருடிப் போனார்கள். தனக்கு மிகப் பெரிய தடை இதுவே என்றார் ரூஸ். சுற்றிலும் எல்லோரும் பட்டினி கிடக்கும் இடத்தில் தனியாக விளைந்து நிற்கும் ஒரு வயலுக்கு வேலி எதுவும் போதாது.

1791 பிப்ரவரியில் ரூஸ் இனித் தனக்குக் கிடங்கு உணவு வேண்டாம் என்று ஆளுநரிடம் சொன்னார். குடிபுகுந்து 15 மாதம். அந்தப் பிப்ரவரியில் ரோஸ் ஹில்லில் பழந்தின்னி வௌவால்கள் வெப்பம் தாங்காமல் கூட்டமாகச் செத்து விழுந்தன, அப்படியொரு வறட்சி. பிலிப்பின் கேள்விக்கு விடை கிடைத்தது. ரூஸுக்கு 30 ஏக்கர் எழுதித் தரப்பட்டது. நியூ சவுத் வேல்சில் ஒரு முன்னாள் கைதிக்கு வழங்கிய முதல் பட்டா அது.

அந்தப் பட்டாவில் எழுதாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1789இல் பரவிய பெரியம்மை சிட்னியைச் சுற்றி வாழ்ந்த மக்களில் மிகப் பலரைக் கொன்றிருந்தது. காலி நிலம் என்று வரைபடத்தில் தெரிந்தது அப்படிக் காலியானது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான தருக் மக்களிடம் யாரும் கேட்கவும் இல்லை, அவர்கள் கொடுக்கவும் இல்லை. ரூஸின் உழைப்பு உண்மை. அது நடந்த நிலம் பிறருடையது என்பதும் அதே அளவு உண்மை.

விரிந்தபோது முறை உடைந்தது

1791 டிசம்பரில் டெஞ்ச் மறுபடி வந்தார். ஆளுநர் கட்டிக் கொடுத்த செங்கல் வீட்டில் ரூஸ் வசதியாக இருந்தார். 4 தாய்ப்பன்றிகள், 30 கோழிகள். சாகுபடியில் பதினொன்றரை ஏக்கர். மேலும் சில ஏக்கரைக் கைதிகள் ஓய்வு நேரத்தில் வெட்டித் திருத்திக் கொடுத்திருந்தார்கள். கூலிக்குப் பதில் முதல் ஆண்டு விளைச்சல் அவர்களுக்கு. கையில் காசில்லாத இடத்தில் இது நல்ல ஏற்பாடு. உழைத்தவனுக்கு அறுவடையில் பங்கு உண்டு, நிலத்துக்காரனுக்கு இரண்டாம் ஆண்டு முதல் திருந்திய நிலம்.

ஆனால் பதினொன்றரை ஏக்கரை நாளைக்கு 5 சென்ட் வீதம் ஒருமுறை கொத்தவே 230 நாள் வேண்டும். இரண்டு முறை கொத்துவது நடக்காத காரியம். ஒன்றரை ஏக்கரில் வெற்றி தந்த முறையை இந்தப் பரப்புக்கு நீட்ட முடியாது. அந்த ஆண்டு ரூஸ் எடுத்த முடிவை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்: இனிப் பெரும்பாலும் மக்காச்சோளம் மட்டுமே, கோதுமை விளைச்சல் மிகக் குறைவு என்றார். ஓராண்டுக்கு முன் தனக்குத் தெரியாது என்று சொன்ன பயிரை முதன்மைப் பயிராக்கினார். மக்காச்சோளத்துக்கு நிலம் முழுவதையும் பொடியாக்கத் தேவையில்லை. எரிந்த அடிக்கட்டைகளுக்கு நடுவே குழிகுழியாகக் கொத்தி நட்டு, பிறகு மண் அணைத்தால் போதும். விதையும் கொஞ்சம்தான் செலவாகும். திராட்சையும் புகையிலையும் போடச் சொல்லி யோசனை வந்தபோது, தெரிந்த வழியை விட்டுத் தெரியாததற்குப் போக மாட்டேன் என்று மறுத்தார்.

மக்காச்சோளம் உழைப்பை மிச்சம் பிடிக்கும், மண்ணை அல்ல. தழைச்சத்தை (நைட்ரஜன்) வாரி உண்ணும் பயிர் அது. 1790லேயே ரூஸ் தன் மண்ணைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு: நடுத்தரம், நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, எரு இருந்தால் சமாளிப்பேன், மாடு இல்லாவிட்டால் இது கெட்டுப்போகும். சாம்பல் தீர்ந்துகொண்டிருந்தது. பன்றியும் கோழியும் தரும் எரு பதினொன்றரை ஏக்கருக்கு எம்மாத்திரம்?

1793 அக்டோபரில் அந்த 30 ஏக்கரையும் அறுவை மருத்துவர் ஜான் ஹாரிஸுக்கு 40 பவுண்டுக்கு விற்றார். ரூஸ் சோம்பிப் போய் விற்றதாக நினைப்பவர்கள் அவரே மூன்றாண்டுக்கு முன் சொன்ன அந்த வாக்கியத்தைக் கவனிக்கவில்லை. அந்த இடம் இன்று ஹாரிஸ் பார்க் என்ற புறநகர். ஹாரிஸ் பிற்பாடு கட்டிய வீடு நினைவிடமாக நிற்கிறது. சில தெரு தள்ளி இந்தியக் கடைகளும் உணவகங்களும். அங்கே தோசை சாப்பிடப் போகும் மேற்குச் சிட்னித் தமிழர்கள் நடப்பது இந்தச் சோதனை நிலத்தின் ஓரத்தில்தான்.

வண்டலும் வெள்ளமும்

1794 ஜனவரியில் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் குடியேறிய முதல் 22 பேரில் ரூஸும் ஒருவர். எரு வேண்டாத நிலம் அது. ஆறே ஆண்டாண்டு காலமாக வண்டலைக் கொண்டு வந்து கொட்டியிருந்தது. கொத்தினால் மண்வெட்டி எளிதாக இறங்கும், கோதுமையும் மக்காச்சோளமும் மாறி மாறி விளையும். சில ஆண்டுகளிலேயே அந்தக் கரை குடியேற்றத்தின் களஞ்சியம் ஆனது. அதே கரையில் தருக் மக்கள் தோண்டி உண்டுவந்த கிழங்குப் படுகைகளை இந்த வயல்கள் அழித்தன. அதிலிருந்து பல ஆண்டு நீடித்த மோதல் பிறந்தது.

வண்டலைக் கொண்டுவரும் ஆறு வெள்ளத்தையும் கொண்டுவரும். 1799, 1806, 1809 ஆண்டுகளில் ஹாக்ஸ்பரி கரை புரண்டது. 1806 மார்ச் வெள்ளம் அத்தனை அழிவு செய்ததற்கு அது வந்த மாதமே காரணம். டிசம்பரில் அறுத்த கோதுமை அடிக்காமல் கதிரோடு போராகக் கரையிலேயே நின்றது. மேட்டில் களஞ்சியம் கட்டும் வசதி பெரும்பாலோருக்கு இல்லை. மக்காச்சோளம் இன்னும் வயலில் நின்றது. ஒரே வெள்ளத்தில் பழைய அறுவடை, புதிய அறுவடை, அடுத்த விதை மூன்றும் போயின. 1810இல் ஆளுநர் மெக்குவாரி விண்ட்சர், பிட் டவுன் உள்ளிட்ட 5 ஊர்களை மேட்டு நிலத்தில் வகுத்து, உழவர்கள் வீட்டையும் போரையும் அங்கே வைத்துக்கொள்ளும்படி ஆணையிட்டார். வயல் பள்ளத்தில், களஞ்சியம் மேட்டில் என்ற அந்த எளிய ஒழுங்குக்கு 16 ஆண்டு பிடித்தது.

ரூஸ் அந்த ஆற்றங்கரையிலும் நிலைக்கவில்லை. 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் சிட்னிக்குத் தென்மேற்கே லோயர் மின்டோவில் கேப்டன் ரிச்சர்ட் புரூக்ஸின் நிலத்தில் மேற்பார்வையாளர். எலிசபெத் 1836இல் இறந்தார், ரூஸ் 1837 செப்டம்பர் 5 அன்று. கேம்ப்பெல்டவுன் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லில், தாய் தன்னைப் பரிவோடு வளர்த்ததும், இந்தக் குடியேற்றத்துக்கு வந்து முதல் தானியத்தை விதைத்தது தானே என்பதும் எழுத்துப் பிழைகளோடு பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவரே செதுக்கியது என்பார்கள். முதல் தானியம் அரசுப் பண்ணையில் விழுந்தது, அவருடைய 3 புசலும் அதன் வழிவந்த விதைதான். சொந்த நிலத்தில் விதைத்து, கிடங்குக் கணக்கிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னதில் அவர் முதல்வர்.

மின்டோ, கேம்ப்பெல்டவுன் பக்கத்து மண்ணும் பரமட்டாவைப் போல ஷேல் களிமண்தான். அவர் மேற்பார்த்த காலத்தில் அங்கே ஏர் இருந்தது, மாடும் இருந்தது.